பிறவி: பேறா, பிணியா?

கிடைத்தற்கரிய மானிடப் பிறவி கிடைத்திருக்கிறது. அதனை ஒரு நாளும் வீணாக்காமல் நிறைவாக வாழ்வதே கடமை என்னும் அறிவுரை, சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் ஐயமே எழாத அளவுக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் தமிழ் நூல்களை நிதானமாகப் பயில்பவருக்கு, இவ்வறிவுரையின் முற்பாதியை முழுமனத்தோடு ஒப்புக்கொண்ட சான்றோர் பலர் அதன் பிற்பாதியை அடியோடு மறுத்தனர் என்பதும், பிற்பாதியை வற்புறுத்திய வேறு சிலர் முற்பாதியைப் பற்றிக் கவலையே கொள்ளவில்லை என்பதும் விரைவிலேயே புலப்படும். பிறவி அரியது என்பதும், அது ஒருவரால் அருளப்பட்ட கொடை என்பதும், ஆகையால் அதனை முழுமையாக அநுபவித்து வாழ்தல் வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே கூற்றுப்போலக் காணப்படினும், அவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சமயச் சூழல்களில், வெவ்வேறு பிரயோஜனங்களை நாடி எழுந்தவை. அவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எங்கே வலிமையுடையது, எங்கே தளர்வது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேந்தர் அவையில் சொல்லப்பட்ட விடை

இவ்வினாவுக்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் தொன்மையான விடைகள் சங்க நூல்களில் உள்ளன. அவற்றுள் மிக விரிவானது, பத்துப்பாட்டில் நீளத்தால் முதன்மை பெற்று 782 அடிகளால் இயன்ற மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தும்பொருட்டு மாங்குடி மருதனார் இதனைப் பாடினார் என்பது உரைவழி வந்த கொள்கை. முன்னாளில் இவ்வுலகை ஆண்டு மறைந்த மன்னர்க்கு எண்ணிக்கையில்லை என்று நினைவூட்டும் புலவர், அதிலிருந்து துறவை வருவிப்பார் என்றே பிற்கால நூல்களில் பழகிய நம் மனம் எதிர்பார்க்கும். அவரோ மதுரையின் அங்காடிகளையும், இரவின் யாமங்களையும், அந்தணர் பள்ளியோடு பௌத்த சமணப் பள்ளிகளையும், கள்வரையும் காவலரையும் நூற்றுக்கணக்கான அடிகளில் விரித்துக் காட்டி, உனக்கென வரையறுக்கப்பட்ட நல்வாழ்நாளை இனிது மகிழ்ந்து உறைவாயாக என்னும் கருத்தோடு பாட்டை முடிக்கிறார். நிலையாமையைச் சொல்ல எடுத்த பாட்டு வாழ்வின் மிகுதியைச் சொல்லி முடிவது முரண்பாடன்று. நிலையாமையே வாழ்வுக்குச் சுவை ஊட்டும் காரணம் என்று கருதிய ஒரு காலத்தின் துணிபு அது என்று கொள்வதே பொருந்தும்.

புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் இதே துணிபைத் துயரத்தின் நடுவிலிருந்து உரைக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்குமாறு உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று வெளிப்படையாகவே நொந்துகொண்ட பின்னர், உலகம் கொடிது என்பதை அறிந்தவர்களே அதில் இனியவற்றைத் தேடிக் காணக் கடமைப்பட்டவர் என்று முடிவு கூறுகிறார். கொடுத்தவன் நல்லவன் என்னும் நம்பிக்கை இன்றியே கொடுக்கப்பட்ட வாழ்வைப் போற்றலாம் என்னும் இந்த நிலை, பிற்காலத்தில் தமிழில் நெடுநாள் மறைந்து கிடந்தது. பாண்டியன் அறிவுடை நம்பியோ, பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் படைத்தவராயினும், குறுகுறு நடந்து சென்று, நெய்ச்சோற்றைக் கையால் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பெறாதவர்க்கு வாழும் நாளில் பயனில்லை என்கிறான். வாழ்வின் நிறைவு எதனால் அளக்கப்படும் என்னும் வினாவுக்கு இத்தனை உவப்போடு விடை சொன்ன பாட்டுக்கள் நம் இலக்கியத்தில் அதிகமில்லை. குழந்தையில்லாதவரை அது ஒதுக்கிவிடுகிறது என்னும் குறை மட்டும் அதன்மேல் நிற்கும்.

எனினும் சங்கப் புலவர் வாழ்வை நேசித்தது நீடித்து வாழும் ஆசையால் அன்று. உண்டாரை நெடிது வாழச் செய்யும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்த அதியமானை அவர்கள் கொண்டாடினர். மக்களோடு ஏற்பட்ட பகைமையினால் வடக்கிருந்து உயிர் துறந்த கோப்பெருஞ்சோழனையும், அவனைத் தேடி வந்து உடன் அமர்ந்த பிசிராந்தையாரையும் போற்றினர். மானமும் நட்பும் உயிரைவிட மேலானவை என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் உயிரைத் தனியே எடுத்து விலைமதிப்பற்றது என்று அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இந்த மரபின் பலவீனம் அதன் பாடுமிடத்தில் இருக்கிறது. மகிழ்ந்து வாழ்க என்று வாழ்த்தப்பெற்றவன் பொற்கலத்தில் தேறல் உண்ணும் வேந்தன். அதே புறநானூற்றின் 164-ஆம் பாட்டில், சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்க, பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்த்து அழும் குழந்தையையும், அதன் முகத்தை நோக்கும் தாயையும் பெருந்தலைச் சாத்தனார் குமணனுக்குக் காட்டுகிறார். வாழ்வை முழுதும் நுகர்க என்னும் உபதேசம் இந்த அடுப்பின் முன் நின்று சொல்லத்தக்கதா என்பதைச் சங்கத்துப் பாணரும் புலவரும் தம் வயிற்றால் அறிந்திருந்தனர்; ஆனால் அதற்கு வள்ளல் ஒருவனைத் தேடிச் செல்வதைத் தவிர வேறு பரிகாரம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

நுகத்துளையில் புகுந்த கழி

பிறவியின் அருமையைக் கணக்கிட்டுச் சொல்லும் வழக்கத்தைத் தமிழுக்குத் தந்தவர் பெரும்பாலும் சமணரும் பௌத்தருமே என்று கருத இடமுண்டு. பாலிமொழிச் சூத்திரங்களில் வரும் குருட்டு ஆமையின் உவமை புகழ்பெற்றது: கடலில் மிதக்கும் ஒற்றைத் துளை நுகத்தடி ஒன்றில், நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மேலே வரும் குருட்டு ஆமை தற்செயலாய்த் தன் கழுத்தை நுழைப்பது எத்துணை அரிதோ, தாழ்ந்த பிறவிகளில் வீழ்ந்தவன் மீண்டும் மனிதனாவது அதனினும் அரிது என்பர். திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் இது வேறு வடிவம் பெறுகிறது. வடகடலில் விழுந்த நுகத்தின் துளையிலே தென்கடலில் இட்ட கழி ஒன்று மிதந்து சென்று கோத்துக்கொள்வது போன்றது மக்கட்பிறப்பு என்று அங்கே உபதேசிக்கப்படுகிறது.

இவ்வளவு அரிதில் கிடைத்த பிறவியை என்ன செய்வது என்பதே வினா. சிந்தாமணியின் கதையமைப்பே அதற்கு விடை கூறுவது. சமணர் துறவைப் பாடுவரேயன்றி இன்பத்தைப் பாட வல்லவரல்லர் என்று பிறர் கூறக் கேட்ட தேவர், அதனை மறுக்கும் பொருட்டே இக்காவியத்தைப் பாடினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. எட்டு மணங்களும், இசையும், அரசும், போரும் ததும்பும் இந்நூலுக்கு மணநூல் என்றே ஒரு பெயருண்டு. அவ்வாறெல்லாம் வாழ்ந்த சீவகன், ஆண்குரங்கு தன் துணைக்கு ஊட்டிய பலாக்கனியைத் தோட்டக் காவலன் பறித்துக்கொள்ளக் கண்டு, வலியவர் கையில் செல்வம் மாறி மாறிச் செல்லும் இயல்பை உணர்ந்து துறவு பூணுகிறான். முழுமையாக வாழ்ந்தவனே முழுமையாகத் துறக்க முடியும் என்று இதற்குப் பொருள் கூறுவாருண்டு. துறவு என்னும் முடிவுக்கு இன்பம் ஒரு முன்னுரை மாத்திரமே என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் பிறவியின் அருமை இங்கே பிறவியை ஒழிப்பதற்குரிய வாய்ப்பின் அருமை.

திருக்குறளிலும் இந்த இரட்டைத் தன்மை தெளிவாகப் பதிந்திருக்கிறது. அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், செய்யாது கழியும் நாள் ஒன்றும் உண்டாகாமல் அறத்தைச் செய்க என்று வள்ளுவர் கூறும் குறளை மேடைப் பேச்சாளர் பலர் நாளை வீணாக்காதே என்னும் அளவில் எடுத்தாள்வர். அக்குறள் அந்த அறத்தின் பயனாகச் சொல்வதோ, உயிர் மீண்டும் உடம்போடு கூடும் நாட்கள் வருகின்ற வழியைக் கல்லிட்டு அடைத்தல் என்பது. ஒரு நாளையும் இழக்காதே என்பதும், இனி ஒரு நாளும் பிறவாதே என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆனால் அதே ஆசிரியர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களை வகுத்து, ஊடலின் இன்பத்தைக் கடைசிச் சொல்லாக வைத்து நூலை முடித்தார் என்பதையும் மறத்தலாகாது. இவ்விரண்டையும் இல்லறத்தார்க்கு ஒன்று, துறவறத்தார்க்கு மற்றொன்று என்று பங்கிட்டு விடுவது எளிது. வள்ளுவர் மனத்தில் அந்தப் பங்கீடு அத்துணைக் கூர்மையாக இருந்ததா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

இங்கே வியப்புக்குரிய ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். வடகடல் நுகமும் தென்கடல் கழியும் இறையனார் அகப்பொருள் உரையிலும் வருகின்றன; ஆங்கு அவை உவமையாவது துறவிக்கன்று, ஒருவரையொருவர் முன்பின் அறியாத தலைவனும் தலைவியும் ஒரு பொழிலில் எதிர்ப்பட்ட அந்த முதற் சந்திப்புக்கு. அரிதினும் அரிதான ஒரு தற்செயல், ஓர் ஆசிரியர் கையில் உலகைத் துறப்பதற்குக் காரணமாகவும், மற்றோர் ஆசிரியர் கையில் உலகில் தோய்வதற்குக் காரணமாகவும் ஆகின்றதாயின், அருமை என்னும் குணம் தன்னளவில் நமக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை என்பது பெறப்படும். அரிதானது எல்லாம் நல்லது என்பதும் நியாயமன்று. அரிய நோய்களும் உலகில் உண்டு.

பிற்கால ஔவையார் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற பாட்டொன்று இந்த அருமையைப் படிப்படியாக அடுக்கிக்கொண்டு போய், உடற்குறையின்றிப் பிறத்தலையும் ஒரு படியாக வைக்கிறது. பார்வையோ கேள்வியோ இன்றிப் பிறந்தவரின் வாழ்வு பேற்றில் ஒரு படி தாழ்ந்தது என்னும் அக்கருத்தை, மாற்றுத்திறனாளிகளின் சமத்துவத்தை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு சமுதாயம் அப்படியே ஓதிக்கொண்டிருத்தல் இயலாது. அருமையை அளவுகோலாகக் கொள்ளும் எந்த வாதமும் ஓரிடத்தில் மனிதர்க்குள் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் அபாயத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

நூறாண்டுக் கணக்கு

வாழ்நாளைக் கணக்கிட்டுப் பார்த்தல் பல நாட்டு நீதிநூல்களிலும் உள்ள வழக்கம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், வேதம் விதித்த நூறு பிராயம் ஒருவன் வாழ்ந்தானாயினும் பாதி உறக்கத்தில் கழிய, எஞ்சியதைப் பேதைமையும் பாலப் பருவமும் பிணியும் பசியும் மூப்பும் பங்கிட்டுக்கொள்ளும் என்று எண்ணிக் காட்டி, ஆதலால் பிறவியே வேண்டேன் என்று அரங்கனிடம் விண்ணப்பிக்கிறார். வடமொழியில் பர்த்ருஹரியின் வைராக்கிய சதகமும் ஏறக்குறைய இதே கணக்கைச் செய்கிறது. உரோமாபுரியில் செனீக்கா கி. பி. 49-ஐ ஒட்டிப் பவுலினஸ் என்பாருக்கு எழுதிய வாழ்வின் குறுமை பற்றிய நூலிலும் கணக்கு உண்டு: வழக்குகளிலும், பிறர் வாசலில் காத்திருப்பதிலும், கேளிக்கையிலும் போன நாட்களைக் கழித்துப் பார் என்கிறார். ஆனால் அவர் கண்ட முடிவு நேர்மாறானது. நமக்குக் கிடைத்த காலம் குறுகியதன்று, நாமே அதனைச் சிதறடித்துக் குறுக்கினோம் என்பது அவர் தீர்ப்பு.

ஆழ்வார் கழித்தவை உறக்கம், பசி, நோய், முதுமை. இவை உடம்பெடுத்த எவரும் தவிர்க்கவியலாதவை. செனீக்கா கழித்தவை செல்வரான உரோமர் தாமாக வரவழைத்துக்கொண்டவை. முன்னவர் பிறவியின் தன்மையையே குற்றம் சொல்கிறார், பின்னவர் பிறந்தவனின் நடத்தையைச் சொல்கிறார். காலத்தைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பிக்கும் இக்காலத்து வாழ்க்கைத் துணைநூல்கள் பெரும்பாலும் செனீக்காவின் வழியில் நடப்பவை. அவை நோயாளிக்கும் கூலியாளுக்கும் அவ்வளவாக உதவாமைக்குக் காரணமும் இதுவே. பொழுது முழுவதையும் பிறர்க்கு விற்று உண்ண வேண்டியவனிடம் பொழுதை வீணாக்கினாய் என்று குறைகூறுதல் அறமாகாது.

ஆனால் திருமாலையை இந்த ஒரு பாசுரத்தோடு நிறுத்திவிடுதல் அந்நூலுக்கு இழைக்கும் அநீதி. இதற்கு நேர் முன்னே உள்ள பாசுரத்தில், அரங்கனின் திருநாமங்களைச் சொல்லும் சுவையொன்று கிடைக்குமாயின் இந்திரலோகத்தை ஆளும் சுவையும் வேண்டேன் என்கிறார் அதே ஆழ்வார். பிறவியை வெறுத்தவரும் பிறவியிலன்றிக் கிடைக்காத ஒரு சுவையைக் கைவிட மனமில்லாதவராய் நிற்கிறார். தில்லைக் கூத்தனின் எடுத்த பாதத்தைக் காணப் பெறுமாயின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்ற அப்பரின் உள்ளமும் இதுவே. பக்தி இயக்கம் சமணத்தின் துறவு நெறியோடு வாதிட்டு வென்றது வாதத்தின் திறத்தால் மாத்திரமன்று. இவ்வுலகில் கண்ணாலும் செவியாலும் நாவாலும் பெறும் ஓர் இன்பத்தை அது மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதும் ஒரு காரணமாகலாம்.

உடம்பு

வாழ்வைப் போற்றுவது உடம்பைப் போற்றுவதாகுமா என்பதில் சித்தர் மரபே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், முன்பு உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகக் கூறுகிறார். பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களோ உடம்பைப் புழுவுக்கும் நரிக்கும் இரையாகும் பொதியாகக் கண்டு அருவருக்கின்றன. எனினும் அதே பட்டினத்தார் தாயின் சிதைக்குத் தீ மூட்டியபோது பாடியனவாக வழங்கும் பாடல்களில், பத்து மாதம் சுமந்த அந்த உடம்பை, முகம்மேல் முகம்வைத்துக் கொஞ்சிய அந்த வாயை நினைந்து உருகுகிறார். உடம்பு பொய் என்று உறுதியாகச் சொல்லிவந்த ஒருவரின் தத்துவம் தாயின் உடம்புக்கு முன்னே நிலைகுலைந்தது. அந்நிலைகுலைவை மரபு மறைக்காமல் போற்றிக் காத்துவந்திருக்கிறது என்பதே தமிழ்மக்கள் உள்ளத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தனர் என்பதற்குச் சான்று.

கொடுத்தவர் யார்?

வாழ்வு ஒரு கொடை என்றால் கொடுத்தவரும், பெற்றவரும், பெற்றதற்குக் கைம்மாறும் உண்டாதல் வேண்டும். இதனைத் தமிழில் மிக நுட்பமாக ஆராய்ந்தவர் சைவ சித்தாந்திகள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழியில் உயிர் அநாதி. இறைவனும் அதனைப் படைத்தவனல்லன். ஆணவ மலத்தின் இருளிலே கிடந்த உயிர்க்கு இறைவன் கருணையால் கூட்டியவை தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கு. ஆகவே கொடையாவது உயிரன்று, உயிர் பக்குவமடைவதற்குரிய உடம்பும் கருவியும் உலகமும் நுகர்ச்சியுமே. இந்த வகுப்பில், உலகைத் துய்த்தல் பாவமன்று. அது மருந்து உண்பதை ஒக்கும். ஆனால் அவரவர் வினைக்கேற்பவே இவை கூட்டப்படுகின்றன என்பதனால், குடிசையில் பிறந்து பசியால் மெலிந்தவனும் தனக்குரியதையே பெற்றான் என்று சொல்லி அமைந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. சமுதாயத்தின் அநீதியைக் கொடையின் கணக்கில் எழுதிவிட்டால் அதனைத் திருத்துவார் யார்?

மேல்நாட்டில் கொடை வாதம் பெரும்பாலும் தற்கொலையைத் தடுக்கும் வாதமாகவே வளர்ந்தது. மனிதர் தேவர்களின் உடைமை என்று பிளேட்டோவின் ஃபீடோவில் சோக்ரதர் கூறுகிறார். கிறிஸ்தவ சமயவாணர் உயிரைக் கடவுள் தந்ததாகக் கொண்டு அதனை மாய்க்கும் உரிமை மனிதனுக்கில்லை என்றனர். டேவிட் ஹியூம் இறந்தபின் 1777-இல் அவர் பெயர் குறிக்கப்படாமல் வெளிவந்த அவரது கட்டுரை இதனைத் தாக்கியது: உயிரைக் குறைப்பது இறைவன் அதிகாரத்தில் தலையிடுவதாயின், தலையில் விழவிருக்கும் கல்லை விலக்கி உயிரை நீட்டிப்பதும் அவ்வாறே தலையிடுவதாகும் என்பது அவர் நியாயம். அல்பேர் காம்யு 1942-இல் வெளியிட்ட சிசிபஸ் புராணத்தில் கொடுத்தவரே இல்லாத, அர்த்தமும் தராத உலகில் வாழ்வதற்குரிய காரணத்தைத் தேடி, வாழ்வையே தேர்ந்தார். நம் நாட்டில் பெரியார் ஈ. வெ. ரா. 1940-களில் எழுதிய ‘இனிவரும் உலகம்’ இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது; கடவுளுக்கு நன்றி செலுத்த வேண்டிய தேவையே இல்லாத அவ்வுலகில் மனிதர் நெடுநாள் வாழ்வர், குறைவாக உழைப்பர், எவரும் எவர்க்கும் அடிமைப்படார் என்று அவர் எதிர்பார்த்தார். கொடுத்தவரை நீக்கிவிட்டாலும் வாழ்வின் மதிப்பு நீங்கிவிடுவதில்லை என்பதற்குக் காம்யுவும் பெரியாரும், அவர்களுக்கு முன்னே நன்கணியாரும் போதிய சாட்சிகள்.

பசியிலிருந்து தொடங்கிய விடை

இவ்வினாவின் போக்கைத் தமிழகத்தில் மாற்றியவர் வள்ளலார் இராமலிங்கர் (1823–1874) என்பது என் அபிப்பிராயம். முன்னோர் பலரும் என் பிறவியை நான் என்ன செய்வது என்று கேட்டனர். வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் மற்றோர் உயிரின் பசியிலிருந்து விசாரணையைத் தொடங்குகிறார். பசி வந்தபோது அறிவு மயங்கி, கரணங்கள் ஓய்ந்து, ஒருவன் படிப்படியாகத் தன்னை இழப்பதை அவர் ஒரு மருத்துவனின் நிதானத்தோடு வருணிக்கிறார். அத்தகையவனிடம் பிறவியின் அருமையைப் பேசுவது வீண். அவனுக்கு உணவளித்தல் உயிரளித்தலாகும். உண்டி கொடுத்தலை உயிர் கொடுத்தலாகக் காணும் இக்கருத்துப் புறநானூற்றிலும் மணிமேகலையிலும் முன்பே உண்டு. மணிமேகலையின் அமுதசுரபி அதன் காவிய வடிவம். ஆயினும் பிறவியை வெறுத்த பௌத்த நூலில் கருணையாக நின்ற அது, வள்ளலாரிடம் நிலையான ஏற்பாடாயிற்று. 1867 மே 23-இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை இன்றும் சாதி சமயம் கேளாது உணவளித்து வருகிறது.

மேலும், இறப்பே ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாக விரும்பியவர் அவர். முந்தையோர் பிறவாமையை வேண்டினர், இவர் இறவாமையை வேண்டினார். பிறவி பிணியென்னும் மரபை அதன் அடிப்படையிலேயே தலைகீழாக்கிய துணிவு இது. மரணமிலாப் பெருவாழ்வு என்பதை அவர் எப்பொருளில் கொண்டார் என்பதில் அன்பர்களும் ஆராய்ச்சியாளரும் இன்னும் ஒன்றுபடவில்லை. அவருக்குப் பின் வந்த பாரதியார் உலகைப் பொய்யென்ற மாயாவாதத்தைக் கண்ணெதிரே நிற்கும் மரங்களையும் பறவைகளையும் காட்டி மறுத்தார். உண்டு, கதை பேசி, நரைகூடி மடியும் வாழ்வை ஏற்க மறுத்துப் பராசக்தியிடம் வரம் கேட்டார். முழுமையாக வாழ்தல் என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருளில் பெரும்பகுதி அவர் பாடல்களிலிருந்து பெற்றது. அவரோ 1921-இல் 38 வயதில் மறைந்தார், வறுமையும் நோயும் அவரை விட்டபாடில்லை.

நீதிமன்றத்தின் முன்

பழைய வினா இக்காலத்தில் நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் என்பது வெறும் விலங்கு வாழ்வன்று, மனித மாண்போடு கூடியது என்று உச்சநீதிமன்றம் 1981-இல் கூறிற்று. நடைபாதையில் குடியிருந்தோர் தொடுத்த வழக்கில் 1985-இல் ஜீவனோபாயமும் அவ்வுரிமையில் அடங்கும் என்றது. வாழும் உரிமையில் சாகும் உரிமையும் உண்டு என்று 1994-இல் தீர்ப்பளித்து, 1996-இல் இல்லையென்று அதனை மாற்றியது. நோய் தீராது என்றான பின்னர் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிப்பதை மறுக்கவும், அதற்கு முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமையுண்டு என்று 2018-இல் ஒப்புக்கொண்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட்டுச் சிகிச்சையும் பராமரிப்பும் பெறவேண்டும் என்பது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்ட நிலை. கொடையை உதறிய குற்றவாளி என்னும் பழைய நோக்கிலிருந்து இது மிகப் பெரிய மாற்றம்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமணத் துறவி 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டு இருக்கிறது. அவ்விரதத்தின் இன்றைய வடிவமான சந்தாராவை 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தற்கொலைக்கு ஒப்பிட்டுத் தடுத்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஓர் ஆன்மா நிறைவோடு விடைபெறுவதா, ஓர் உயிரைச் சமூகம் காவாது விடுவதா என்பதை வெளியிலிருந்து தீர்மானிப்பது எத்துணைக் கடினம் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

கொடை என்னும் சொல் தன் முழு அர்த்தத்தையும் பெறும் இடம் ஒன்றும் நம் காலத்தில் தோன்றியிருக்கிறது. 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை ஒப்புக்கொண்டு, உறுப்பை விற்பதைத் தடை செய்து, கொடுப்பதை மட்டும் அனுமதித்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தோர் உறுப்புக்கொடை முறைப்படுத்தப்பட்டது. கொடையாளர்க்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெறும் என 2023-இல் அறிவிப்பும் வந்தது. அதியமானின் நெல்லிக்கனியை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

தீராதவை

மேற்கண்ட நிலைகளை ஒருங்கு நோக்குமிடத்து, பிறவியின் அருமை ஒன்றே எப்படி வாழ்வது என்பதை நிச்சயிக்காது என்பது ஒருவாறு துணியத்தக்கது. கொடுத்தவர் உளர் என்னும் நம்பிக்கை வாழ்வின் மதிப்புக்கு வலுவூட்டலாம், ஆனால் அம்மதிப்பு அதனை முற்றிலும் சார்ந்து நிற்கவில்லை. நிறைவு என்பதை நுகர்ச்சியால் அளந்த விடைகளினும், பிறர் உயிரைத் தாங்கும் ஆற்றலால் அளந்த விடைகள் காலத்தின் சோதனையை நன்கு தாங்கியிருக்கின்றன என்று கொள்வதும் மிகையாகாது. எனினும், மாறாத வலியில் கிடக்கும் ஒருவரிடம் உம் வாழ்வு கொடை என்று சொல்லும் அதிகாரம் நமக்குண்டா என்பதற்கு இவற்றுள் எந்த மரபும் முழு விடை தந்துவிடவில்லை. வலியைத் தணிக்கும் சிகிச்சை எல்லோர்க்கும் எட்டாத நாட்டில் அந்த வினாவைத் தத்துவமாக மட்டும் விவாதிப்பதும் பொருந்தாது.

இன்னொரு குறை இந்த ஆய்வுக்கே உரியது. இங்கே சான்றாக வந்தவர் வேந்தரும், முனிவரும், புலவரும், நீதிபதிகளும். நாற்று நட்டும் கல்லுடைத்தும் வாழ்ந்த பெண்கள் தம் பிறவியைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்குத் தாலாட்டும் ஒப்பாரியும் அன்றி வேறு ஆதாரம் நம்மிடம் அதிகமில்லை. பிள்ளையைத் தவமிருந்து பெற்ற பேறென்று தொட்டிலருகே பாடிய அதே வாய், இழவு வீட்டில் ஏன் பிறந்தேன் என்று பிறவியை நோகிறது. ஒரு வாழ்நாளுக்குள் இரண்டு தத்துவங்களையும் அவர்கள் வாழ்ந்து பார்த்திருக்கின்றனர். கி. வா. ஜகந்நாதனின் மலையருவியும் (1958), நா. வானமாமலையின் தொகுப்புக்களும் அச்சேறிப் பல பத்தாண்டுகள் சென்றன. நாட்டார் இலக்கியம் என்னும் தலைப்பின்கீழ் அவை பயிலப்படுகின்றன. திருமாலையோடும் சிந்தாமணியோடும் ஒரு வரிசையில் வைத்து, வாழ்வைப் பற்றிய விசாரணையாக அவற்றைப் பயில்வார் அரியர். இவ்வினாவை அடுத்து ஆராய முற்படும் அன்பர் அங்கிருந்து தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.